பிள்ளை முகம் எடுப்பாகத் தெரிய

விடுமுறை நாள் மாலையில் சென்னை அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் போனால், கையில் போனோடு பிள்ளைகளை நிறுத்திவைத்துப் படம் எடுக்கும் பெற்றோரைப் பார்க்கலாம். தண்ணீரும் சாயும் வெயிலும் பின்னால் வரவேண்டும், பாவாடை சட்டையில் பிள்ளை முன்னால் நிற்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும். வீட்டுக்கு வந்து பார்த்தால் தண்ணீர் தகதகக்கிறது, வானம் கண்ணைப் பறிக்கிறது, எதிர்ப்புறக் கட்டடங்களின் ஜன்னல்களைக்கூட எண்ணிவிடலாம்; பிள்ளையின் முகம் மட்டும் அமுங்கிப் போயிருக்கிறது. பக்கத்துத் திருவேற்காட்டில் கருமாரியம்மன் சன்னதியில் மொட்டை அடித்துக் காது குத்திய கையோடு எடுக்கும் படங்களுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். சந்தனம் பூசிய தலை தெரிகிறது, பின்னால் நெருக்கியடிக்கும் கூட்டம் தெரிகிறது, கடைப் பலகையின் எழுத்து தெரிகிறது. குழந்தையைத் தேட வேண்டியிருக்கிறது.

அதன்பின் படம் ஸ்டுடியோவுக்குப் போகிறது. "அண்ணா, பாப்பா கொஞ்சம் எடுப்பா தெரியற மாதிரி பண்ணிக் குடுங்க." பதிலும் பழகிய பதில்தான்: "பேக்ரவுண்டக் கொஞ்சம் மங்கலாக்கிட்டு, முகத்துல கலர் ஏத்திடறேன்க்கா."

இந்தப் பதிலின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தேவையற்றது, பல சமயம் படத்தைக் கெடுப்பது. குழந்தையின் தோல் நிறத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் அந்த முகத்தை எடுப்பாகக் காட்ட முடியும். அது எப்படி என்பதற்கான விடை கணினி மென்பொருளில் இருப்பதைவிட நம் கண்ணின் அமைப்பில்தான் அதிகம் இருக்கிறது.

ஒரு படத்தை நாம் முழுதாக ஒரே நேரத்தில் துல்லியமாகப் பார்ப்பதில்லை. விழித்திரையின் நடுவே ஃபோவியா என்ற சிறு பள்ளம் இருக்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு பரப்பை மட்டுமே அது கூர்மையாகக் காட்டும். மிச்சமெல்லாம் மங்கல். கண் நொடிக்கு மூன்று முறைபோல இடம் தாவித் தாவித்தான் படத்தைச் சேர்த்துக்கொள்கிறது. இந்தத் தாவல்களை நுட்பமாகப் பதிவுசெய்தவர்களில் முக்கியமானவர் ரஷ்ய விஞ்ஞானி ஆல்ஃபிரட் யார்பஸ். கண்ணின் மேல் ஒட்டிக்கொள்ளும் சிறு மூடியில் குட்டிக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தி, அதில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படச்சுருளில் பதிவுசெய்தார். 1965-இல் ரஷ்ய மொழியிலும் 1967-இல் ஆங்கிலத்திலும் வந்த அவருடைய நூலில் ஒரு பதிவு இன்றும் பாடப் புத்தகங்களில் இடம்பெறுகிறது. வோல்கா நதிக்கரைப் பெண் ஒருத்தியின் முகப்படத்தை ஒருவர் சில நிமிடங்கள் பார்த்தபோது அவர் கண் போன தடம் அது. கோடுகள் திரும்பத் திரும்ப இரண்டு கண்களிலும் வாயிலும் போய் முடிச்சுப் போடுகின்றன. மூலப்படத்தை மறைத்துவிட்டு அந்தக் கோடுகளை மட்டும் பார்த்தாலே ஒரு முகம் தெரிகிறது.

ஆக, முகம் என்றால் கண் தானாகவே போகும். அப்படியானால் ஏரிக்கரைப் படத்தில் ஏன் போகவில்லை? அங்கே போட்டி அதிகம். 1998-இல் லோரன்ட் இட்டி, கிறிஸ்டோஃப் காக், ஏர்ன்ஸ்ட் நீபர் ஆகிய மூவர், ஒரு காட்சியில் எந்த இடம் கண்ணை இழுக்கும் என்று கணிக்க ஒரு கணினி மாதிரியை உருவாக்கினார்கள். ஒளியளவு, நிறம், கோடுகளின் திசை ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு இடமும் தன் அக்கம்பக்கத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று அது கணக்கிடும். வேறுபாடு கூடிய இடத்துக்குப் பார்வை முதலில் போகும். இந்தக் கணக்கில் தண்ணீரில் மின்னும் வெயில்தான் முதலிடம் பிடிக்கும். மோரன் செர்ஃப் என்பவரும் கூட்டாளிகளும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பார்ப்பவருக்கு என்ன வேலை கொடுத்தாலும், படத்தில் இருக்கும் முகங்களும் எழுத்துகளும் பார்வையை இழுத்துவிடுகின்றன. நம் தெருக்களில் எடுக்கும் படங்களுக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை இருக்க முடியாது. பிள்ளைக்குப் பின்னால் பிறந்தநாள் வாழ்த்து ஃபிளெக்ஸ் பேனர் இருந்தால், அங்கே ஒரே சமயத்தில் பெரிய முகமும் இருக்கிறது, கொட்டை எழுத்தும் இருக்கிறது. அதை மங்கலாக்குவது மட்டும் போதாது. முகம் என்று அடையாளம் தெரியாத அளவுக்கு ஒளியைக் குறைக்க வேண்டும், அல்லது படத்தின் ஓரத்தை வெட்டிவிட வேண்டும். எடிட்டிங்கில் மிகச் சிறந்த கருவி பல நேரம் இந்த வெட்டும் சட்டம்தான். அதைச் செய்தபின்பே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கண் எந்த இடத்திலும் தனி ஒளியளவைப் பார்ப்பதில்லை, பக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை, நரம்புகளின் அமைப்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் குதிரைலாட நண்டின் கண்ணை ஆராய்ந்தபோது, ஒளி படும் ஒவ்வொரு உணர்வலகும் தன் அண்டை அலகுகளின் சைகையை அடக்குவதைக் கண்டார். அவருக்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது. பூனையின் விழித்திரையிலும் இதே தத்துவம் உண்டு என்று 1953-இல் ஸ்டீஃபன் கஃப்ளர் காட்டினார்: நடுவில் ஒளி பட்டால் துள்ளும் நரம்பணு, சுற்றி ஒளி பட்டால் அடங்கிவிடுகிறது. நம் விழித்திரையும் இப்படித்தான் வேலை செய்கிறது. பிரகாசமான வானத்துக்கு நடுவே இருக்கும் முகம் உள்ளபடி இருப்பதைவிட இருட்டாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு நூறாண்டுக்கும் முன்பே சாயத் தொழிலில் இந்த உண்மை பிடிபட்டுவிட்டது. பாரிஸின் கோபெலான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவை மேற்பார்வையிட்ட வேதியியலர் மிஷேல் ஷெவ்ரல், கறுப்புச் சாயம் சரியில்லை என்று வந்த புகாரை விசாரித்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை வெளிறச் செய்தன என்று கண்டுபிடித்து, 1839-இல் அதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார். காஞ்சிபுரத்தில் அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை சேர்க்கும் நெசவாளருக்கு இந்த விதி கைப்பழக்கமாகவே தெரியும்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வெள்ளையடித்த காம்பவுண்டுச் சுவர் தன் மேல் படும் ஒளியில் 60 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்றும், முன்னால் நிற்கும் பிள்ளையின் முகம் 20 சதவீதத்தை அனுப்புகிறது என்றும் வைத்துக்கொள்வோம். முகத்தைவிடச் சுவர் மூன்று மடங்கு வெளிச்சம். முகத்தை இரட்டிப்பாக்கினால் 40 ஆகும். இப்போதும் சுவர்தான் முன்னால் நிற்கிறது, ஆனால் பிள்ளை யாரோ போலாகிவிட்டாள். முகத்தைத் தொடாமல் சுவரின் ஒளியை இரண்டு ஸ்டாப், அதாவது கால்பங்காகக் குறைத்தால் 15. இப்போது முகம் முந்துகிறது, அதன் நிறமும் அப்படியே இருக்கிறது. நடைமுறையில் வெயில் அடிக்கும் சுவரை ஒரேயடியாக இவ்வளவு குறைத்தால் பொய்யாகத் தெரியும். ஒரு ஸ்டாப் குறைத்து, ஓரங்களை நோக்கி இன்னும் கொஞ்சம் இறக்கி, சுவரின் சொரசொரப்பையும் தணித்தால் ஏறக்குறைய அதே பலன் இயல்பாகக் கிடைக்கும். லைட்ரூம் மென்பொருளில் மாஸ்க் போட்டு, அதாவது பின்னணியை மட்டும் தனியே தேர்ந்தெடுத்து, இதைச் செய்யலாம்; இலவசமாகக் கிடைக்கும் ஸ்னாப்சீடிலும் செய்யலாம்.

முகத்தை வெளுப்பாக்குவதில் இன்னொரு இயற்பியல் சிக்கலும் இருக்கிறது. ஒளி தனித்தனி ஃபோட்டான்களாக, மழைத்துளிகள் போல ஒழுங்கில்லாமல் வந்து விழுகிறது. ஒரு பிக்ஸலில் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழுந்தால், அதன் ஏற்ற இறக்கம் வர்க்கமூலமான 100, அதாவது 1 சதவீதம். 100 ஃபோட்டான் மட்டுமே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். வானத்துக்கு எதிரே நின்ற முகத்தில் விழுந்த ஃபோட்டான்கள் குறைவு. அந்த இருட்டை எடிட்டிங்கில் இழுத்து ஏற்றும்போது ஒளியோடு இந்தப் புள்ளி இரைச்சலும் சேர்ந்து பெரிதாகிறது. அதை மறைக்கப் போன் முகத்தை வழவழப்பாக்குகிறது. மெழுகில் வார்த்த பொம்மை போலக் குழந்தை தெரிவது இதனால்தான்.

கலர் ஏற்றும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அதற்கும் ஓர் அறிவியல் காரணம் இருந்திருக்கிறது. அந்தக் காரணம் இன்று இல்லை என்பதுதான் விஷயம்.

தமிழ்நாட்டில் புகைப்படத்தைத் திருத்தும் கலை புகைப்படம் வந்த நாளிலிருந்தே உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1850-களில் நியமிக்கப்பட்ட லினேயஸ் டிரைப், 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டையின் கோயில்களையும் கட்டடங்களையும் பெரிய காகித நெகட்டிவ்களில் பதிவுசெய்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 பிரிண்டுகளாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளப் படமாக்கியவர் அவர். அவருடைய நெகட்டிவ்களின் பின்பக்கத்தில் தூரிகையால் வண்ணம் பூசிய தடங்கள் உள்ளன. வானத்தில் மேகங்களையும் மரங்களில் இலைத்தொகுதியையும் கையாலேயே சேர்த்திருக்கிறார். காரணம், அந்தக் கால ரசாயனம் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். நீல வானம் முழுக்க வெளுத்து வெறும் காகிதமாக வரும்.

வானத்துக்கு நேர்ந்ததன் மறுபக்கம் நம் முகங்களுக்கு நேர்ந்தது. மெலனின் என்ற நிறமி நீல ஒளியை அதிகம் விழுங்கி, சிவப்பை அதைவிடக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். நீலத்தை மட்டும் பார்க்கும் தகட்டில் பழுப்புத் தோல், நேரில் நம் கண் பார்ப்பதைவிட மிகவும் கறுத்துத்தான் பதியும். 1873-இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல், சாயம் சேர்த்தால் தகடு பச்சையையும் உணரும் என்று கண்டார். சிவப்பு உட்பட எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடுகள் 1906 வாக்கில்தான் கடைக்கு வந்தன. அதற்குப் பின்னும் மலிவான பழைய வகைத் தகடுகள் ஸ்டுடியோக்களில் நெடுங்காலம் புழங்கின. அந்தக் காலத்து டச்சப் கலைஞர் நெகட்டிவை மேசைமேல் சாய்த்து வைத்து, கூர்மையாகச் சீவிய பென்சிலால் முகத்தின் மேல் நுண்ணிய கோடுகள் போடுவார். நெகட்டிவில் பென்சில் கருமை சேர்ந்த இடம் பிரிண்டில் வெளிச்சமாக வரும். சிவப்புச் சாயத்தை மெல்லப் பூசியும் இதே பலனைப் பெற்றார்கள். ரசாயனம் திருடிக்கொண்ட வெளிச்சத்தை ஓரளவு திருப்பிக் கொடுத்த வேலை அது. அந்தக் கைத்திறனை மதிக்கிறேன்.

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்கள் பலவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயே ஹெட்லி தலைமையிலான குழு, பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு மின்னாக்கம் செய்திருக்கிறது. அத்தகைய பழைய படங்களில் பின்னால் தொங்கும் ஓவியத் திரையைக் கவனிக்க வேண்டும். மாளிகைத் தூண், தோட்டம், படிக்கட்டு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் எல்லாமே நடுத்தரச் சாம்பலில், விளிம்பு கூர்மையில்லாமல் தீட்டப்பட்டிருக்கும். திரை எழுதியவர்கள் பின்னணியின் ஒளியையும் கூர்மையையும் பிறந்த இடத்திலேயே அடக்கிவிட்டார்கள். இன்று நாம் மென்பொருளில் தேடுவது அதைத்தான்.

கலர் ஃபிலிம் வந்தபின் சிக்கல் வேறு உருவம் எடுத்தது. கோடக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டைகளில் இருந்தது வெள்ளைத் தோல் பெண்ணின் படம். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்பது உலகம் முழுக்க நடைமுறையானது. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் எழுதிய கட்டுரையின்படி, பழுப்பு நிறங்கள் சரியாகப் பதியவில்லை என்ற நெருக்கடியைக் கோடக்குக்குக் கொடுத்தவர்கள் சாக்லெட் விளம்பரக்காரர்களும் மர நாற்காலி மேசை விற்றவர்களும். மனித முகங்களுக்காக அந்த மாற்றம் முதலில் நடக்கவில்லை என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. டிஜிட்டல் காலத்திலும் பாக்கி இருக்கிறது. ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ரூவும் 2018-இல் மூன்று நிறுவனங்களின் முகம் அறியும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆணா பெண்ணா என்று சொல்வதில், கறுத்த பெண்களுக்கு ஒரு மென்பொருளின் பிழை 34.7 சதவீதம் வரை போனது. வெளுத்த ஆண்களுக்கு அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம்தான். 2022-இல் சமூகவியலாளர் எல்லிஸ் மாங்கோடு சேர்ந்து கூகுள் 10 படிகள் கொண்ட தோல் நிற அளவுகோலை வெளியிட்டதற்குப் பின்னால் இப்படிப்பட்ட விமர்சனங்கள் இருக்கின்றன.

ஆனால் இன்றைய போனில் இருக்கும் சென்சார் சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் தனித்தனியே பதிகிறது. பழுப்புத் தோலை உள்ளபடி பதிய அதற்குத் தடை ஏதுமில்லை. பென்சில் டச்சப்புக்கு இருந்த நியாயம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. சென்னையின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்க வேண்டியிருந்த ஊர் இது. 2017 டிசம்பரில் பரத்வாஜ் சுந்தரும் புகைப்படக்காரர் நரேஷ் நிலும் 'டார்க் இஸ் டிவைன்' என்ற வரிசையில் லட்சுமி, சரஸ்வதி, சிவன் என்று தெய்வங்களைக் கறுத்த நிற மாடல்களைக் கொண்டு காட்டியபோது, கறுத்த முகம் எவ்வளவு ஒளியோடு இருக்க முடியும் என்று பலரும் முதல்முறையாகப் பார்த்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் படத்தில் கலர் ஏற்றி வீட்டுச் சுவரில் மாட்டினால், அவள் தினமும் பார்த்து வளரப்போவது தன்னுடையதல்லாத ஒரு முகத்தை.

கறுத்த முகம் ஒளி விடுவதற்கும் தெளிவான இயற்பியல் உண்டு. தோலில் படும் ஒளி இரண்டு வழியில் திரும்புகிறது. ஒரு பங்கு தோலுக்குள் புகுந்து, நிறமிகளில் மோதிச் சிதறி, தோலின் நிறத்தை ஏற்றுக்கொண்டு வெளியே வருகிறது. இது கறுத்த தோலில் 10 சதவீதம் அளவுக்கு இருக்கலாம், வெளுத்த தோலில் 50 சதவீதத்தைத் தொடலாம். இன்னொரு பங்கு, நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 3 சதவீதம், உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே கண்ணாடியில் போலப் பட்டுத் திரும்புகிறது. அதற்கு நிறமியோடு சம்பந்தமில்லை. எல்லா மனிதருக்கும் அது ஏறக்குறைய ஒன்றுதான். வெளுத்த முகத்தில் உள்ளிருந்து வரும் ஒளியே அதிகம் என்பதால் இந்த மினுமினுப்பு கரைந்துவிடும். கறுத்த முகத்தில் அது தனித்துத் தெரியும். கன்னமேட்டிலும் மூக்குத்தண்டிலும் நெற்றியிலும் விழும் அந்த நீண்ட ஒளிக்கோடுதான் முகத்தின் வடிவத்தைச் செதுக்கிக் காட்டுகிறது. தேங்காய் எண்ணெய் தடவி முகம் கழுவிய பிள்ளைக்கு அது இன்னும் அழகாக விழும்.

படம் எடுக்கும் முன் பிள்ளையின் முகத்தில் அப்பும் பவுடர் இந்த மினுமினுப்பைத்தான் கொல்கிறது. பவுடர்த் துகள்கள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்து, கறுப்பின் மேல் சாம்பல் படலம் போர்த்திவிடுகின்றன. மென்பொருளில் "பியூட்டி" பொத்தான் செய்வதும் அதே. ஒளிமேடுகளைத் தட்டையாக்குகிறது, நிழல்களை ஏற்றுகிறது, நடுவில் வடிவம் காணாமல் போகிறது. சில போன்களில் இது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். கேமரா அமைப்புக்குள் போய் அணைத்துவிட்டு எடுப்பது, பிறகு எவ்வளவு எடிட் செய்தாலும் கிடைக்காத நன்மையைத் தரும். எடிட்டிங்கில் முகத்துக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: ஒளிமேடுகளை அப்படியே விட்டு, நடுத்தர நிழல்களில் சிறிது ஆழம் கூட்டலாம்.

நிறத்தின் பக்கம் வந்தால் இன்னொரு சுவையான உண்மை. உலகத்தில் யாருடைய தோலானாலும், வெளுப்பும் கறுப்பும் எவ்வளவு மாறினாலும், நிறவட்டத்தில் அதன் திசை அதிகம் மாறாது. மெலனினும் ரத்தத்தின் ஹீமோகுளோபினும் சேர்ந்து எல்லோரையும் ஆரஞ்சை ஒட்டிய ஒரே குறுகிய பட்டைக்குள் கொண்டுவந்துவிடுகின்றன. வீடியோ எடிட்டர்கள் பயன்படுத்தும் வெக்டர்ஸ்கோப் என்ற அளவியில் இதற்கென்றே ஒரு கோடு உண்டு. எந்த நாட்டவர் முகமும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். ஏரிக்கரைப் படத்தில் நேரும் சங்கடம் இங்கே விளங்கும். எல்லோரும் விரும்பும் அந்தி வானத்தின் ஆரஞ்சும் அதே பட்டையில்தான் இருக்கிறது. பின்னணியும் முகமும் ஒரே நிறக் குடும்பம் ஆகும்போது முகம் எழுந்து நிற்க இடமில்லை. வானத்தின் ஆரஞ்சைக் கொஞ்சம் தணித்து, தண்ணீரின் நிழல்களை நீலத்தின் பக்கம் சற்றே நகர்த்தினால், தோலின் வெதுவெதுப்பு தானாகவே முன்னுக்கு வருகிறது. கரையோரப் புல்லின் பச்சையும் கவனிக்க வேண்டியது. நாம் உணரும் வெளிச்சத்தில் பச்சைக்குத்தான் பெரும்பங்கு. தொலைக்காட்சிக்கான சர்வதேசத் தரத்தின் கணக்கில் பச்சைக்கு 71.5 சதவீதம், சிவப்புக்கு 21 சதவீதம், நீலத்துக்கு வெறும் 7 சதவீதம். அதனால் பச்சையின் ஒளியைச் சிறிது இறக்கினாலே பின்னணி மொத்தமும் அடங்கும்.

திருவேற்காட்டு மொட்டைப் படத்தில் தலைச் சந்தனம்தான் படத்திலேயே வெளிச்சமான இடம். அதை நிறமிழக்கச் செய்யக் கூடாது, அந்த நாளின் அடையாளமே அதுதான். அதன் ஒளியை மட்டும் அரை ஸ்டாப்புக்கும் குறைவாக இறக்கினால் போதும், கண் ஒரு படி கீழே இறங்கி முகத்துக்கு வந்துவிடும்.

மங்கலாக்கும் வேலையில்தான் தவறுகள் அதிகம் நடக்கின்றன. பெரிய லென்ஸ் வைத்த கேமராவில் பின்னணி இயல்பாகவே மங்கும். போன் லென்ஸின் திறப்பு சில மில்லிமீட்டர்தான் என்பதால் அதில் எல்லாமே கூர்மையாக வரும். அந்தக் குறையைக் கணக்கால் ஈடுகட்டுவதே போர்ட்ரெய்ட் மோட். 2016-இல் ஐஃபோன் 7 பிளஸ் இரண்டு கேமராக்களின் பார்வை வேறுபாட்டை வைத்துத் தொலைவைக் கணித்தது. 2017-இல் கூகுள் பிக்ஸல் 2 ஒரே கேமராவில், லென்ஸின் இரண்டு பாதிகள் வழியே சுமார் 1 மில்லிமீட்டர் மட்டுமே விலகித் தெரியும் இரண்டு காட்சிகளை ஒப்பிட்டும், மனித உருவத்தைப் பிரித்தறியும் நரம்பு வலையமைப்பைக் கொண்டும் அதைச் செய்தது.

இரண்டுமே திணறுவது முடியிடம்தான். பறக்கும் முடியிழை ஒன்று ஒரு பிக்ஸலின் அகலத்தைவிட மெல்லியது. அந்தப் பிக்ஸல் பாதி முடி, பாதி வானம். எவ்வளவு பங்கு முன்னால், எவ்வளவு பின்னால் என்று பின்னமாகக் குறிக்கும் ஆல்ஃபா என்ற எண்ணை வைத்து இத்தகைய கலவையைக் கணக்கிடும் முறையை 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் விரிவாக வகுத்தார்கள். ஏற்கெனவே கலந்துவிட்ட பிக்ஸலிலிருந்து அந்தப் பின்னத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பதுதான் கடினம். நம் பெண்பிள்ளைகளின் படத்தில் மல்லிகைச் சரத்தில் இது நன்றாகத் தெரியும். காதோரம் தொங்கும் சரத்தில் பூவுக்குப் பூ இடைவெளி, இடைவெளியில் பின்னணி. போன் பாதிப் பூவை முன்னால் வைத்துக்கொண்டு மீதியைப் பின்னணியோடு சேர்த்துக் கரைத்துவிடும். பூச்சரம், ஜிமிக்கி, ரிப்பன் முடிச்சு மூன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, மாஸ்க்கைக் கையால் சரிசெய்யாமல் விடக் கூடாது. தலையைச் சுற்றி மங்கிய ஒளிவட்டம் ஒன்று பல படங்களில் தெரியும். பிள்ளையும் சேர்ந்த படத்தையே மங்கலாக்கி அதன்மேல் கூர்மையான பிள்ளையை வைத்தால், அவளுடைய சட்டை நிறமும் முடி நிறமும் பின்னணிக்குள் கசிந்துவிடும். அதுதான் அந்த வட்டம். முதலில் பின்னணியிலிருந்து பிள்ளையை நீக்கி, அந்த இடத்தை அக்கம்பக்க நிறத்தால் நிரப்பி, பிறகு மங்கலாக்கினால் அது வராது. மங்கலும் ஒரே அளவாக இருக்கக் கூடாது. பிள்ளை நிற்கும் தரை அவள் காலடியில் கூர்மையாகவும், தள்ளிப் போகப்போகக் கலங்கியும் இருந்தால்தான் அவள் அங்கே நிற்பதாக நம்ப முடியும்.

முகத்துக்குள் இன்னும் வேலை செய்யத்தக்க இடம் ஒன்று உண்டென்றால் அது கண். மனிதக் கண்ணில்தான் விழிவெண்மை இவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்று 1997-இல் ஜப்பானின் கோபயாஷியும் கோஷிமாவும் மற்றக் குரங்கினங்களோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். கருவிழி, வெண்மை, அதைச் சுற்றிய கண்மை: முகத்தின் ஆகப்பெரிய ஒளி வேறுபாடு அங்கேதான். கருவிழியின் மேல் ஜன்னலோ வானமோ பிரதிபலிக்கும் சிறு வெள்ளைப் புள்ளி இருந்தால் அதை மட்டும் லேசாகத் தூக்கலாம். விழிவெண்மையைச் சலவை வெள்ளையாக்கினால் குழந்தை பயந்தது போலத் தெரிவாள். பால்குடிக்கும் வயதுக் குழந்தையானால் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைத் தானியங்கி மென்பொருள் கரும்புள்ளி என்று நினைத்துத் துடைத்துவிடும்; மச்சத்தையும் சேர்த்து அழிக்கும். அவற்றைத் திரும்ப வரவழைத்துவிட வேண்டும். பொட்டு வைத்தவர் பாட்டியாக இருப்பார், அவர் தேடுவார்.

கடைசியில் பிரிண்ட். இங்கேதான் செய்த வேலை முழுக்க வீணாகப் போகும் அபாயம் இருக்கிறது. கோடக்கில் பணியாற்றிய ரால்ஃப் எவன்ஸ் 1951-இல் காப்புரிமை பெற்ற ஒரு யோசனையின் சாரம் இது: ஒரு சாதாரணப் படத்தின் எல்லா நிறங்களையும் கலந்து சராசரி எடுத்தால் சாம்பல் வரும், எனவே சராசரியைச் சாம்பலுக்குக் கொண்டுவந்தால் பிரிண்ட் சரியாக இருக்கும். லேப் இயந்திரங்களின் தானியங்கித் திருத்தம் இந்த யோசனையின் வழிவந்தது. நீங்கள் பின்னணியைப் பார்த்துப் பார்த்து அடக்கிய படம் இயந்திரத்துக்கு "சராசரிக்கும் இருட்டு" என்றே தெரியும். அது மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கும். அடங்கிய பின்னணி மறுபடி எழும், முகம் வெளுக்கும். யாரும் கேட்காமலே கலர் ஏறிவிடும். ஆகவே பென்டிரைவை நீட்டும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, கரெக்‌ஷன் எதுவும் போடாதீங்க, அப்படியே பிரிண்ட் போடுங்க." பெரிய சைஸுக்குப் போகும் முன் போஸ்ட்கார்டு சைஸில் ஒன்று எடுத்து, எந்தச் சுவரில் மாட்டப்போகிறீர்களோ அந்தச் சுவரில், இரவு டியூப்லைட்டிலும் பகல் வெளிச்சத்திலும் வைத்துப் பாருங்கள். போன் திரை தானாக ஒளி விடுவது, காகிதம் அறையின் ஒளியை நம்பியிருப்பது. முகம் அங்கே சற்று இருட்டாகத் தெரிந்தால் படம் மொத்தத்தையும் ஒரே சீராகக் கால் ஸ்டாப் உயர்த்திக் கொடுத்தால் சரியாகிவிடும்.